பேட்டின் குரலில் ஒரு பொய்: அமெரிக்காவின் வசந்தகால வான்கோழி வேட்டை

வான்கோழியை எங்களில் கனபேர் முதன்முதலாகச் சந்திப்பது முற்றத்தில் இல்லை, மூதுரையில்தான். மயில் ஆடுவதைப் பார்த்துவிட்டுத் தானும் ஆட வெளிக்கிட்ட பறவை அது. கல்லாதவன் கவி சொல்வதற்கு உவமையாக வந்து மாட்டிக்கொண்டது. அதுக்குப் பிறகு எங்கட பேச்சில வான்கோழி என்றால் போலி, மற்றவரைப் பார்த்துச் செய்கிற ஆள்.

இந்தக் கட்டுரை அதற்கு நேர்மாறான ஒரு பழக்கத்தைப் பற்றியது. வட அமெரிக்கக் காடுகளில் ஒவ்வொரு வசந்தத்திலும் இலட்சக்கணக்கான மனிதர்கள் வான்கோழியைப் பார்த்துப் பழகுகிறார்கள். அது போலக் கத்த வருடக்கணக்காகப் பயிற்சி எடுக்கிறார்கள். இங்கே போலி மனிதன்தான்.

ஏப்ரல் மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடிய இன்னும் முக்கால் மணித்தியாலம் இருக்கு. மிசூரியிலோ அலபாமாவிலோ ஒரு ஓக் காடு. தலை முதல் கால் வரை இலைநிற உடுப்புப் போட்ட ஒருவர், தன் தோளைவிட அகலமான மரமொன்றில் முதுகைச் சாய்த்து நிலத்தில் இருக்கிறார். முதலில் ஆந்தை போல ஒருக்கா கத்திப் பார்ப்பார். வசந்தத்தில் வான்கோழிச் சேவலுக்கு ஒரு குணம் உண்டு. ஆந்தை, காகம், இடி என்று எந்தத் திடீர்ச் சத்தத்துக்கும் அது பொறுக்காமல் பதில் கத்திவிடும். எந்த மரத்தில் அது இரவு அடைந்தது என்பது அதோடு தெரிந்துவிடும்.

வெளிச்சம் வந்து பறவை நிலத்தில் இறங்கியதும் வேட்டைக்காரர் பேட்டின் குரலில் மெல்லக் கூப்பிடத் தொடங்குவார். இதில்தான் சிக்கல். இயற்கையில் நடப்பது வேறு: சேவல் நின்ற இடத்தில் நின்று வாலை விசிறியாக விரித்துக் கத்தும், பேடு அதைத் தேடிப் போகும். வேட்டைக்காரர் கேட்பதோ தலைகீழ் ஒழுங்கு. 'நீ வா' என்று பேடு சேவலைக் கூப்பிடுகிறது. சந்தேகப்பட்ட சேவல் தூரத்திலேயே நின்று, நீதான் வரவேண்டும் என்று அடம்பிடிக்கும். சொட்கன் சரியாகச் சுடக்கூடிய தூரம் ஏறத்தாழ 35 மீட்டர். அந்தத் தூரத்துக்குள் அது வரும்வரை அசையாமல் இருக்கவேண்டும், ஏனென்றால் வான்கோழியின் மோப்பம் மோசம் என்றாலும் கண் அபாரம். கண் இமைத்தாலே கண்டுபிடித்துவிடும் என்று வேட்டைக்காரர்கள் சொல்வார்கள். பல விடியல்கள் வெறுங்கையோடுதான் முடியும்.

கேட்கும்போது ஒரு விளையாட்டுப் போலத்தான் இருக்கும். ஆனால் இந்தக் காட்சிக்குப் பின்னால ஒரு பறவை இல்லாமல்போய்த் திரும்பி வந்த கதை இருக்கு. யார் அதை அழித்தது, யார் காப்பாற்றியது, யார் திரும்பி வரவேயில்லை என்ற மூன்று கேள்விகளும் அதோடு ஒட்டியிருக்கு.

ஆருடைய நாட்டுக் கோழி?

முதலில் பெயரைப் பார்ப்போம். இந்தப் பறவை முழுக்க முழுக்க அமெரிக்கக் கண்டத்தது. மெக்சிக்கோ தொடக்கம் கனடாவின் தென் எல்லை வரைக்கும் காடுகளில் திரிந்தது. மெக்சிக்கோவின் பழங்குடிகள் அதை இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்னரே வீட்டுக்குப் பழக்கிவிட்டார்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர்கள் அந்த வீட்டுப் பறவையை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒருவருக்கும் அது எங்கிருந்து வந்தது என்பது சரியாக விளங்கவில்லை. ஆங்கிலேயர் துருக்கி நாட்டின் பெயரை வைத்தார்கள். துருக்கியரோ அதை 'ஹிந்தி' என்றார்கள், அதாவது இந்தியப் பறவை. பிரெஞ்சுக்காரரும் இந்தியாவிலிருந்து வந்தது என்ற பொருளிலேயே பெயர் வைத்தார்கள். போர்த்துக்கேயருக்கு அது 'பெரு'. ஒல்லாந்தர் எங்கட பக்கத்துக் கோழிக்கோட்டின் பெயரை வைத்துக் 'கல்கூன்' என்றார்கள். ஒல்லாந்தர் இலங்கையை ஆண்ட காலத்தில் அந்தச் சொல் இங்கேயும் இறங்கியது. இன்றைக்கும் சிங்களத்தில் வான்கோழிக்குக் 'களுகும்' என்று பெயர்.

1612இல் கோவாவிலிருந்து ஒரு வான்கோழியை மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீரிடம் கொண்டுபோனார்கள். அவர் அதை அதிசயமாகப் பார்த்துத் தன் நினைவுக்குறிப்பில் எழுதினார். அரசவை ஓவியர் மன்சூர் வரைந்த அதன் படம் இன்றைக்கும் இருக்கிறது.

ஆக, உலகம் முழுக்க இந்தப் பறவைக்கு வேறு ஆரோ ஒருவரின் ஊர்ப்பெயர். அதை முதலில் அறிந்த மக்களின் பெயர் மட்டும் ஐரோப்பிய மொழிகளில் பெரும்பாலும் நிலைக்கவில்லை. மெக்சிக்கோவில் பேசப்படும் ஸ்பானியத்தில் மட்டும் நாவாட்டில் மொழிச் சொல்லிலிருந்து வந்த 'குவாஹொலோட்டே' என்ற பெயர் பிழைத்திருக்கிறது.

எலும்பில் ஊதியவர்கள்

இன்றைய வேட்டைக்காரரின் பையில் பலவகை அழைப்பான்கள் இருக்கும். மூடியை உரசினால் கத்துகிற மரப்பெட்டி, குச்சியால் தேய்க்கிற சிலேட்டுத் தட்டு, மேலண்ணத்தில் ஒட்டி ஊதுகிற சின்னச் சவ்வு. பெட்டி அழைப்பானுக்கு ஆர்கன்சோவைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் 1897இல் காப்புரிமை எடுத்தார். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் மூத்தது வான்கோழியின் சிறகெலும்பு. உள்ளே வெறுமையான அந்த எலும்பின் துண்டுகளைப் பொருத்தி, வாயில் வைத்து உறிஞ்சினால் பேட்டின் குரல் வரும். ஒரு பறவையின் எலும்பாலேயே இன்னொரு பறவையைக் கூப்பிடும் இந்த வித்தை பழங்குடி மக்களுடையது.

அவர்களுக்கு வான்கோழி இறைச்சி மட்டும் இல்லை. இறகு அம்புக்குப் போனது, எலும்பு ஊசியானது, சேவலின் காலிலுள்ள முள் அம்புமுனையானது. அமெரிக்காவின் தென்மேற்கு வரண்ட நிலத்தில் வாழ்ந்த புவெப்லோ மக்களின் முன்னோர் வான்கோழியைத் தனியாகப் பழக்கி, நீண்டகாலமாக முதன்மையாக இறகுக்காகவே வளர்த்தார்கள். தென்கிழக்கு யூட்டாவில் கிடைத்த ஏறத்தாழ 800 வருடப் பழமையான ஒரு போர்வையை ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இறகுகள் அதில் போயிருந்தன. பறவையைக் கொல்லாமல், இறகு உதிரும் பருவத்தில் திரும்பத் திரும்ப எடுத்திருக்கலாம் என்பது அவர்களுடைய கருத்து.

கிழக்குக் காடுகளில் சொக்டோ, கிரீக், செரோக்கி, சிக்கசோ போன்ற மக்கள் வாழ்ந்தார்கள். அவர்கள் காட்டை அப்படியே விட்டவர்கள் என்பது பிற்காலக் கற்பனை. அவர்கள் சிறு நெருப்புகளை வைத்துப் பற்றைகளை எரித்தார்கள், சோளம் பயிரிட்டார்கள். திறந்த வெளியும் பெருமரமும் கலந்த அந்த நிலந்தான் வான்கோழிக்கு உகந்தது. ஐரோப்பியர் வந்த காலத்தில் கண்டத்தில் ஒரு கோடி வான்கோழிகள்வரை இருந்திருக்கலாம் என்ற மதிப்பீடு அடிக்கடி சொல்லப்படும்.

1830இல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் பழங்குடிகளை அகற்றும் சட்டத்தில் கையெழுத்து வைத்தார். தெற்குக் காடுகளின் மக்கள் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே துரத்தப்பட்டார்கள். செரோக்கி மக்கள் 1838, 1839இல் நடந்த நடையில் மட்டும் ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. அலபாமா, மிசிசிப்பி, ஜோர்ஜியா என்று இன்றைக்கு 'எங்கள் வசந்தகால வேட்டைப் பாரம்பரியம்' என்று பெருமையாகப் பேசும் மாநிலங்களில் பெரும்பகுதி அந்த மக்களின் நிலந்தான். அந்தப் பாரம்பரியம் அங்கே தொடங்கவில்லை, கைமாறியது.

மூன்று பென்ஸ் பறவை

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கிக்குப் போன பறவை ஓவியர் ஜோன் ஜேம்ஸ் ஓடுபோன், நாலரை, ஐந்து கிலோ நிறையுள்ள காட்டு வான்கோழி சந்தையில் மூன்று பென்ஸுக்கு விலைப்பட்டதைத் தான் கண்டதாக எழுதியிருக்கிறார். வீட்டுக்கோழியை விட மலிவு. அவருடைய புகழ்பெற்ற 'அமெரிக்கப் பறவைகள்' தொகுப்பின் முதலாவது படமே வான்கோழிச் சேவல்தான்.

அவர் விவரித்த ஒரு பொறியை வாசிக்கும்போது மனசு என்னவோ செய்யும். மரக்குற்றிகளை அடுக்கி ஒரு கூடு கட்டுவார்கள், மேலேயும் மூடிவிடுவார்கள். சுவருக்குக் கீழால் ஒரு பள்ளம் வெட்டி, அதுக்குள்ள சோளத்தைத் தூவுவார்கள். சோளத்தைக் கொத்திக்கொண்டு தலையைக் குனிந்தபடி வரும் வான்கோழிகள் பள்ளத்தால் உள்ளே நுழையும். தீனி முடிந்ததும் தலையை நிமிர்த்தி வெளிச்சத்தைத் தேடும். வந்த பாதை திறந்தபடியே காலடியில இருக்கும். ஆனால் பயந்த பறவை மேலே பார்த்துக்கொண்டே சுவரைச் சுற்றிச் சுற்றி ஓடும், குனிந்து பார்க்காது. ஒரே கூட்டில் பத்துப் பதினைந்து பறவைகள் அப்படி அகப்படும்.

அந்தக் காலத்தில் வான்கோழி வேட்டைக்கு ஒழுங்கென்று ஒன்றும் இருக்கவில்லை. பொறி, சோளத்தைத் தூவிக் கூட்டத்தைச் சுடுவது, நிலவு வெளிச்சத்தில் மரத்தில் அடைந்திருக்கும் பறவைகளைச் சுடுவது எல்லாமே நடந்தன. நகரங்கள் பெருகின, ரயில் பாதை வந்தது, காட்டிறைச்சி தொலைதூரச் சந்தைக்குப் போனது. அதோடு சேர்ந்து காடும் போனது. கோடரி போன வேகத்தில் பறவையும் போனது.

கனெக்டிகட்டில் 1813 அளவில் காட்டு வான்கோழி முடிந்துபோயிற்று. மசாசூசெட்ஸில் கடைசிப் பறவை 1851இல் டொம் மலையில் கொல்லப்பட்டதாகப் பதிவு. விஸ்கொன்சினில் 1881. 1920 வரும்போது, ஆதியில் வான்கோழி வாழ்ந்த 39 மாநிலங்களில் 18இல் அது அறவே இல்லை. எஞ்சியவை தெற்கின் சேற்றுக் காடுகளிலும் அப்பலாச்சிய மலை மடிப்புகளிலும் ஒளிந்திருந்தன. 1904இல் நியூயோர்க்கில் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை நோய், அடுத்த அரை நூற்றாண்டில் கோடிக்கணக்கான செஸ்நட் மரங்களைக் கொன்று, அந்த மலைகளின் பெரிய தீனிக் களஞ்சியத்தையும் காலியாக்கியது. 1930களில் மிஞ்சியவை எத்தனை என்பதில் கணக்குகள் வேறுபடுகின்றன. சிலர் முப்பதாயிரம் என்பார்கள், சிலர் இரண்டு இலட்சம் என்பார்கள். எதை எடுத்தாலும் ஒரு கோடிக்கு அது மிச்சமே இல்லை.

பழி ஆரில் விழுந்தது என்பதும் கவனிக்கவேண்டிய விசயம். 1865இல் அடிமைமுறை முடிந்த பிறகு, தெற்கின் கறுப்பின மக்களுக்கு வேட்டை என்பது சாப்பாடும் சுதந்திரமும். காட்டில் இறைச்சி கிடைத்தால் தோட்ட முதலாளியிடம் அவர் சொல்லும் கூலிக்குப் போகத் தேவையில்லை. நிலவுடைமையாளர்களுக்கு அதுதான் பிடிக்கவில்லை. 'வயிற்றுக்காகக் கொல்கிறவன்' கெட்டவன், 'விளையாட்டுக்காகக் கொல்கிறவன்' கனவான் என்றொரு கோடு கீறப்பட்டது. அத்துமீறல் சட்டங்களும் வேட்டைச் சட்டங்களும் பறவையைக் காக்க மட்டும் வரவில்லை, ஏழைகளையும் கறுப்பின மக்களையும் காட்டிலிருந்து தள்ளிவைக்கவும் பயன்பட்டன என்று வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். சட்டம் பறவைக்குத் தேவைப்பட்டது உண்மை. அது எல்லார் தலையிலும் ஒரே பாரமாக இறங்கவில்லை என்பதும் உண்மை.

காட்டைத் தெரியாத பறவைகள்

சரி, பறவையைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி? முதலில் எல்லாருக்கும் தோன்றியது இலகுவான வழி: பண்ணையில் வளர்த்துக் காட்டில் விடு. மிசூரி மாநிலம் 1925 தொடக்கம் 1943 வரை ஏறத்தாழ 14 ஆயிரம் பண்ணைப் பறவைகளைக் காட்டில் விட்டது. இடையில் 1937இல் வேட்டையையும் மூடியது. பலன் ஒன்றுமில்லை. 1952இல் கணக்கெடுத்தபோது முழு மாநிலத்திலும் 2,500 வான்கோழிகள்கூட இல்லை.

காரணத்தைத் தேடியவர்களில் ஒருவர் ஸ்டார்க்கர் லியோபோல்ட். புகழ்பெற்ற சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்டின் மகன். மிசூரியின் காட்டு வான்கோழிகளையும் பண்ணைக் கலப்புப் பறவைகளையும் ஒப்பிட்டு 1944இல் அவர் வெளியிட்ட ஆய்வு, காட்டுத்தன்மை என்பது பரம்பரையாக உடம்பிலேயே இருப்பது என்று காட்டியது. கலப்புப் பறவையின் மூளை சிறிது. குஞ்சுகள் ஆபத்துக்கு உறைந்து நிற்பதில் பிந்தின. காலம் பிழைத்து அடைகாத்தன. அதோடு இன்னொன்றும் உண்டு. காட்டுத் தாயோடு திரியும் குஞ்சு எங்கே தீனி, எந்த நிழலுக்குப் பயப்படவேண்டும், எப்போது மரத்தில் ஏறவேண்டும் என்பதை அதனிடமிருந்தே பழகும். இரும்புக் கொட்டிலில் வளர்ந்ததுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. காட்டில் விட்டதும் நரியும் ஆந்தையும் விருந்து கொண்டாடின.

ஆக, காட்டுப் பறவையையே உயிரோடு பிடித்து இடம் மாற்றவேண்டும். அந்தக் கண்ணைத் தாண்டி எப்படிப் பிடிப்பது? 1951இல் தென் கரோலினாவின் பிரான்சிஸ் மரியன் தேசியக் காட்டில் டஃப் ஹோல்புறூக் என்ற உயிரியலாளர் வழி கண்டார். நீர்ப்பறவைகளைப் பிடிக்க உருவாக்கிய பீரங்கி வலையை அவர் வான்கோழிக்குத் திருப்பினார். பெரிய வலையை மடித்து நிலத்தில் மறைத்து வைப்பார்கள். அதன் ஒரு ஓரம் சிறு பீரங்கிகளின் குண்டோடு கட்டப்பட்டிருக்கும். முன்னால சோளம். பறவைகள் தலையைக் குனிந்து கொத்தும்போது மறைவிலிருந்து வெடிக்கவைத்தால், கண்மூடித் திறக்கமுன் வலை அவற்றின் மேலால் பாய்ந்து விழுந்துவிடும்.

ஓடுபோன் காலத்துப் பொறியும் சோளந்தான், இதுவும் சோளந்தான். அதே தந்திரம். ஆனால் இந்தமுறை பறவைகள் சந்தைக்குப் போகவில்லை. பெட்டிகளில் அடைத்து, பக்கத்து மாநிலக் காட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்துவிட்டார்கள்.

அதுக்குப் பிறகு நடந்தது ஒரு பெரிய பண்டமாற்று. விஸ்கொன்சின் தன்னிடமிருந்த ஒருவகைக் காட்டுக்கோழியைக் கொடுத்து மிசூரியிடமிருந்து வான்கோழி வாங்கியது. 1976இல் வெர்னன் மாவட்டத்தில் விட்ட முதல் தொகுதி வெறும் 29 பறவைகள். 1983இல் அங்கே வேட்டைப் பருவமே திறந்தாயிற்று. மசாசூசெட்ஸில் 1972, 1973இல் நியூயோர்க்கிலிருந்து கொண்டுவந்து விட்டவை 37 பறவைகள். இன்றைக்கு அந்த மாநிலத்தில் 30 ஆயிரத்தை ஒட்டி நிற்கின்றன. பொஸ்டனைச் சுற்றிய வீதிகளில் வாகனங்களை மறித்துக்கொண்டு நடக்கின்றன, கதவுக் கண்ணாடியில் தெரியும் தங்கட விம்பத்தோடையே சண்டை பிடிக்கின்றன.

காடு தயாராக இருந்ததும் ஒரு காரணம். நியூ இங்கிலாந்து விவசாயிகள் கல்லு நிலத்தைக் கைவிட்டு மேற்கே போக, 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து வயல்கள் மெல்லமெல்லத் திரும்பவும் காடாகின. தோட்ட எல்லையில கட்டிய கல்மதில்கள் இன்றைக்கு நடுக்காட்டுக்குள்ள நிற்கின்றன. பறவை திரும்பி வரும்போது அதுக்கு ஒரு வீடு இருந்தது.

ஏன் வசந்தம்?

இலையுதிர்காலத்தில் வேட்டையாடினால் சேவல், பேடு, குஞ்சு எல்லாம் கலந்து சாகும். வசந்தத்தில் சேவல் மட்டுமே கூப்பிட்டால் வரும். ஒரு சேவல் பல பேடுகளோடு சேரும் என்பதால், இணைசேர்தல் நடந்துவிட்ட பிறகு சில சேவல்கள் குறைந்தாலும் அந்த வருடக் குஞ்சுகள் குறையாது. பேடு 10, 12 முட்டையிட்டு 28 நாள் அடைகாக்கும் காலம் அது. அதைத் தொடக்கூடாது. இந்தக் கணக்கின்மேல்தான் நவீன வசந்தகால வேட்டை கட்டப்பட்டது. தெற்கின் சில மாநிலங்களில் தப்பிப்பிழைத்திருந்த பழைய முறை, அறிவியலின் துணையோடு நாடு முழுக்கப் பரவியது.

மிசூரி 1960இல் திரும்பவும் வேட்டையைத் திறந்தபோது 14 மாவட்டங்கள், 3 நாள், அவ்வளவுதான். கிடைத்தவை 94 பறவைகள். 2000களின் நடுப்பகுதியில் அதே மாநிலத்தில் ஒரு வசந்தத்தில் மட்டும் 50 ஆயிரத்துக்கு மேல்.

கட்டுப்பாடுகள் கனக்க உண்டு. அனுமதிப்பத்திரம் வேண்டும். மார்பில் தாடிபோலத் தொங்கும் இறகுக்கற்றை உள்ள பறவையைத்தான் சுடலாம். மரத்தில் அடைந்திருப்பதைச் சுடுவதைப் பல மாநிலங்கள் தடுக்கின்றன, சோளம் தூவி அழைப்பதையும் அப்படித்தான். சில இடங்களில் மதியத்தோடு துப்பாக்கியை இறக்கிவைக்கவேண்டும். உடுப்பு விசயத்திலும் ஒரு விதி சொல்லிக்கொடுப்பார்கள்: சிவப்பு, வெள்ளை, நீலம் வேண்டாம். ஏனென்றால் கிளர்ச்சியடைந்த சேவலின் தலை அந்த மூன்று நிறத்திலும் மினுங்கும், பேடு போலக் கத்திக்கொண்டிருக்கும் உங்களை இன்னொரு வேட்டைக்காரர் பறவையென்று நினைத்துச் சுட்டுவிடலாம். அப்படி விபத்துகள் நடந்துமிருக்கின்றன. அந்த நாட்டுக் கொடியின் மூன்று நிறங்களும் அந்தக் காட்டுக்குள்ள ஆபத்து!

காசு எங்கிருந்து வந்தது

1937இல் ஜனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ட் பிற்மன்–ரொபேர்ட்சன் சட்டத்தில் கையெழுத்து வைத்தார். வேட்டைத் துப்பாக்கிகளுக்கும் ரவைகளுக்கும் 11 வீத வரி. அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குத் திணைக்களங்களுக்குப் போகும். ஆனால் ஒரு நிபந்தனை: வேட்டை அனுமதிப்பத்திரத்தில் கிடைக்கும் காசை மாநிலம் வேறு செலவுக்குத் திருப்பக்கூடாது. பீரங்கி வலை, உயிரியலாளரின் சம்பளம், வாங்கிய காடு எல்லாவற்றுக்கும் பின்னால இந்தப் பணமும் இருக்கிறது.

வேட்டைக்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள்: நாங்கள்தான் காசு கொடுத்துக் காப்பாற்றினோம். அதில் உண்மை இருக்கு. 1973இல் தேசியக் காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு தொடங்கியபோது ஏறத்தாழ 15 இலட்சமாக இருந்த பறவைகள், 2000களில் 60 இலட்சத்தைத் தாண்டின. உலகின் மிகப்பெரிய வனவிலங்கு மீட்சிகளில் ஒன்று இது.

ஆனால் அந்த வரி 1970களின் தொடக்கத்திலிருந்து கைத்துப்பாக்கிகளுக்கும் விரிந்தது. வேட்டைக்குச் சம்பந்தமேயில்லாத ஆயுத விற்பனையும் இன்றைக்கு அந்தப் பெட்டியில்தான் விழுகிறது. நாட்டில் பயமும் பதற்றமும் கூடித் துப்பாக்கி விற்பனை ஏறும்போது, காட்டுக்குப் போகும் காசும் ஏறும். துப்பாக்கிச் சத்தம் என்றால் என்னவென்று தெரிந்த வீடுகளில் வளர்ந்த எங்களுக்கு இது தொண்டையில் மீன்முள்ளாகக் குத்தும். ஒரு பறவையின் உயிர் ரவை விற்பனையில் தொங்குவது நல்லதோ கெட்டதோ என்று ஒரே சொல்லில் தீர்த்துவிட முடியாது. ஆனால் வேறு ஆரும் அந்தளவு காசை ஒழுங்காக, வருடாவருடம் கொடுக்க முன்வரவில்லை என்பதையும் மறைக்கக்கூடாது.

எனக்குப் படுவது இதுதான். வான்கோழியைக் காப்பாற்றியது வேட்டைக்காரரின் அன்பு மட்டும் இல்லை. அன்பு ஓடுபோன் காலத்திலும் இருந்தது, அவர் வீட்டிலேயே ஒரு காட்டு வான்கோழி வளர்த்தவர். அப்போது இல்லாமல் இருந்தது எல்லை: எப்போது சுடக்கூடாது, எதைச் சுடக்கூடாது, எத்தனையோடு நிறுத்தவேண்டும் என்ற எல்லை. மனிதர்கள் தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொண்ட பிறகுதான் பறவை திரும்பி வந்தது.

அந்த வேலை முடிந்துவிடவும் இல்லை. கடந்த பதினைந்து, இருபது வருடங்களாகத் தென்கிழக்கு மாநிலங்களில் வான்கோழி திரும்பவும் குறைகிறது. பேடு கூடுகட்டும் நிலம் சுருங்குகிறது, கூட்டைக் கொள்ளையடிக்கும் விலங்குகள் பெருகியிருக்கின்றன. வசந்த வேட்டையையே நாங்கள் கொஞ்சம் முந்தித் தொடங்குகிறோமோ, இணைசேர்தல் முடியமுன்னரே முதன்மைச் சேவல்களைக் கொன்றுவிடுகிறோமோ என்று ஆய்வாளர்கள் கேட்கத் தொடங்கினார்கள். 2022இல் ஜோர்ஜியா தன் பருவத்தைப் பிந்தித் தொடங்கி, ஒருவருக்கு 3 பறவை என்றிருந்ததை 2 ஆகக் குறைத்தது. வேட்டைக்காரர்களில் சிலர் முணுமுணுத்தார்கள், சிலர் இன்னும் குறையுங்கள் என்றார்கள்.

திரும்பி வராதவர்கள்

மீட்சிக் கதையை அமெரிக்காவில் சொல்லும்போது பெரும்பாலும் இங்கே முடித்துவிடுவார்கள். ஏறத்தாழ இரண்டு இலட்சம் காட்டு வான்கோழிகள் பிடிக்கப்பட்டு, பெட்டியில் ஏற்றப்பட்டு, தங்கள் முன்னோர் வாழ்ந்த காடுகளில் திரும்பவும் விடப்பட்டன. கதவைத் திறந்ததும் பறவை பறக்கும் படங்கள் இருக்கின்றன. பார்க்கவே சந்தோசமாக இருக்கும். ஆனால் அதே காடுகளிலிருந்து துரத்தப்பட்ட மனிதர்களுக்கு அப்படியொரு கதவு திறக்கப்படவில்லை. பறவையை மீளக் குடியேற்ற ஒரு நாட்டுக்கு வரியும் அறிவியலும் பொறுமையும் கிடைத்தன.

கடோ மக்கள் இன்றைய லூசியானா, ஆர்கன்சோ, டெக்சாஸ் எல்லாம் சந்திக்கிற காடுகளில் வாழ்ந்தவர்கள். 1835இல் ஒரு ஒப்பந்தத்தில் லூசியானா நிலத்தை இழந்து டெக்சாஸுக்குப் போனார்கள். 1859இல் அங்கிருந்தும் துரத்தப்பட்டு இன்றைய ஒக்லஹோமாவுக்குப் போனார்கள். நிலத்தைக் கொண்டுபோக முடியவில்லை. ஒரு ஆட்டத்தைக் கொண்டுபோனார்கள்: வான்கோழி ஆட்டம்.

அதை ஆடுபவர்கள் பெண்கள். வான்கோழி நடப்பதுபோல அடியெடுத்து வட்டமாக ஆடுவார்கள். கடோ மொழியில் பாடப்படும் அந்தப் பாட்டுகளில் அவர்களுடைய பழைய போர்களும் வெற்றிகளும் இருக்கின்றன. எழுதிவைக்காத வரலாறு அந்தக் காலடியில் இருக்கிறது. ஒரு விதியும் உண்டு. பொழுதுபடமுன் ஆட்டத்தை முடித்துவிடவேண்டும், ஏனென்றால் பொழுதுபட்டால் வான்கோழி மரத்தில் அடைந்துவிடும். இன்றைக்கும் ஒக்லஹோமாவில் ஆடுகிறார்கள்.

வான்கோழி ஆடினால் அது போலி என்றுதான் நாங்கள் படித்து வளர்ந்தோம். காட்டில் வாலை விரித்து நிற்கும் அந்தச் சேவல் எந்த மயிலையும் கண்டதில்லை, அது ஆடுவது தன் சொந்த ஆட்டம். அதைப் பார்த்து ஆடும் கடோப் பெண்களும் போலிகள் இல்லை.